போனை எடுத்த டாக்டர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் திகில் படங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். திடீர்ச் சத்தம், இருட்டு, ஒப்பனை என்று பயமுறுத்தும் வித்தைகளை எழுதியவர் நன்றாகவே விளக்கியிருக்கிறார். ஆனால் அதிகாரம் என்ற பக்கமே அவர் போகவில்லை. நல்ல திகில் படம் பெரும்பாலும் யார் பேச்சு எடுபடும், யார் பேச்சு எடுபடாது என்பதைப் பற்றித்தான் இருக்கிறது. பேய் பல நேரம் அதற்கு ஒரு சாக்கு.

‘ரோஸ்மேரிஸ் பேபி’ (1968) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவன், பக்கத்து வீட்டுக்காரர்கள், பிரசவம் பார்க்கும் பெரிய டாக்டர் என எல்லோரும் அவள் குழந்தையைக் குறிவைத்துக் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று கர்ப்பிணியான ரோஸ்மேரிக்குப் புரிந்துவிடுகிறது. தப்பித்து ஓடி, ஆரம்பத்தில் தான் பார்த்த இளம் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார். கொஞ்சம் படுத்திரு என்கிறார். அப்பாடா என்று கண்ணை மூடுகிறாள். அப்புறம் அறைக்குள் வருவது அவள் கணவனும் அந்தப் பெரிய டாக்டரும்.

இளம் டாக்டர் கெட்டவர் இல்லை. சாத்தானைக் கும்பிடும் அந்தக் கூட்டத்துக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பதறிப்போய் வந்த ஒரு பெண்ணா, பேர்பெற்ற டாக்டரா என்று வந்தபோது யாரை நம்புவது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. போனை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். படம் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்கு இந்தக் காட்சிதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சாத்தானின் குழந்தையெல்லாம் மறந்தே போய்விட்டது.

2020-ல் வந்த ‘தி இன்விசிபிள் மேன்’ படத்திலும் இதே கதைதான். செத்துப்போனதாகச் சொல்லப்படும் காதலன் இந்த அறையில்தான் இருக்கிறான் என்கிறாள் நாயகி. எல்லோரும் அவளை ஒரு மாதிரிப் பார்க்கிறார்களே தவிர, அறையைப் பார்ப்பவர் யாருமில்லை.

ரோஸ்மேரி வந்த அதே 1968-ல்தான் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படமும் வந்தது. வெளியே பிணங்கள் நடமாடிக்கொண்டிருக்க, வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் நிலவறையில் ஒளிவதா மேலேயே நின்று சமாளிப்பதா என்று அடித்துக்கொள்கிறார்கள். உயிர்பிழைக்கும் வழியைத் தேடுவதைவிட இங்கே யார் சொல்வது செல்லும் என்பதே பெரிய பிரச்சினையாகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், நாயகன் பென் அன்றிரவு பிழைப்பது அவன் வேண்டவே வேண்டாம் என்று சொன்ன நிலவறைக்குள் புகுந்துதான். காலையில் துப்பாக்கியோடு வரும் மீட்புக் கும்பல் அவனையும் நடைபிணம் என்று சுட்டுவிடுகிறது. பென் கறுப்பினத்தவன். சுட்டவர்கள் வெள்ளையர்கள்.

‘கெட் அவுட்’ (2017) பார்த்தவர்களுக்கு அதன் முடிவு நினைவிருக்கும். கொல்லப் பார்த்தவர்களிடமிருந்து ஒருவழியாகத் தப்பிய கறுப்பின இளைஞன் கிறிஸ் நடுரோட்டில் இருக்கிறான், கீழே காதலி ரத்தத்தில் கிடக்கிறாள். சுழல்விளக்கோடு ஒரு கார் வருகிறது. வேறு எந்தப் படத்தில் என்றாலும் ‘போலீஸ் வந்தாச்சு’ என்று மூச்சு விட்டிருப்போம். இங்கே ‘தொலைந்தான்’ என்று வயிற்றைக் கலக்குகிறது. அவனும் மெதுவாகக் கைகளைத் தூக்குகிறான். வந்தது அவன் நண்பன்தான். ஆனால் கிறிஸ் கைதாகிச் சிறைக்குப் போவது போன்ற முடிவைத்தான் இயக்குநர் ஜோர்டன் பீல் முதலில் எடுத்திருந்தார். எந்தப் பூதமும் இல்லாமல் ஒரு விளக்கை வைத்தே இத்தனை பயம் காட்ட முடிகிறதென்றால், அந்த விளக்கு யாருடையது என்பதுதானே காரணம்?

அதற்காகத் திகில் படங்கள் எப்போதும் எளியவர் பக்கம் நிற்கின்றன என்று சொல்ல வரவில்லை. மனநோயையும் உடல் ஊனத்தையும் வில்லனாக்கிக் காசு பார்த்த படங்கள் ஏராளம். ஆரம்பகால ஜெர்மானியப் படமான ‘டாக்டர் கலிகாரி’ (1920) மேலேயே இப்படி ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதில் அனுமதி கேட்டு வரும் கலிகாரியை நகராட்சிக் குமாஸ்தா உயரமான முக்காலியில் உட்கார்ந்துகொண்டு அலட்சியப்படுத்துகிறார். விடிவதற்குள் குமாஸ்தா கொலையாகிறார். தூக்கத்தில் நடக்கும் ஒருவனை ஏவிக் கொலை செய்பவர் இந்தக் கலிகாரி. ஆனால் கடைசியில், இந்தக் கதையை நமக்குச் சொன்னவனே மனநோயாளி, கலிகாரி என்று அவன் சொன்னவர் அவன் இருக்கும் மனநோய் விடுதியின் தலைவர் என்று படம் முடிகிறது. இந்த முடிவு அதிகாரத்தை எதிர்த்த கதையை அதிகாரத்துக்கே வால் பிடிக்க வைத்துவிட்டது என்று 1947-ல் எழுதினார் விமர்சகர் சீக்ஃப்ரீட் கிராகவர்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதை சொன்னவன் கட்டப்பட்டுக் கிடக்கிறான். அவன் சொன்னது இனி எங்கேயும் ஏறாது. இவனை எப்படிக் குணப்படுத்துவது என்று இப்போது தெரிந்துவிட்டது என்கிறார் தலைவர். கேமரா அவர் முகத்தில் நிற்கிறது. குணமாக்கப்போகிறவர் முகமாக எனக்கு அது தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்