கழிப்பறையைப் பற்றி அம்மா எழுதுவது

நாகப்பட்டினம்

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

நீ அனுப்பிய போட்டோ பார்த்தேன். வங்காளதேசத்தில் ரோஹிங்கியா அகதிகள் இருக்கிற குட்டுபலாங் முகாமில் உங்கள் ஆட்கள் கட்டி முடித்த கழிப்பறை வரிசை. மூங்கிலும் தார்பாலினும் வைத்து இவ்வளவு நேர்த்தியாகக் கட்ட முடியும் என்று எனக்குத் தெரியாது. அப்பாவிடமும் காட்டினேன், "என் மகன் கொத்தனார் வேலையும் கத்துக்கிட்டான்" என்று பக்கத்து வீடு வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார். போட்டோவுக்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: "ஆம்பளைங்க வர்றாங்க. பொம்பளைங்க வரமாட்டேங்கிறாங்க. ஏன்னு புரியலம்மா."

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பிடும்போது படிக்காதே.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாக் கதவும் பாதையைப் பார்த்து இருக்கின்றன. பாதைக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்னக் கடை, வாசலில் பெஞ்சு, பெஞ்சில் ஆண்கள். எந்த இடத்திலும் விளக்குக் கம்பம் தெரியவில்லை. உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போட்டோவில் தெரியாது, நீ போய்ப் பார்த்துச் சொல். உன் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தப் படத்திலேயே இருக்கிறது. ஊர்ப் பெண் எவளும் நாலு ஆண்கள் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கதவைத் திறக்க மாட்டாள். ரோஹிங்கியாப் பெண்கள் பர்தா முறையில் வளர்ந்தவர்கள், அவர்களைக் கேட்கவே வேண்டாம்.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்த காலத்தில் இதையே கண்ணால் பார்த்தேன். சுனாமி வந்தபோது நீ ஐந்தாம் வகுப்பு. உனக்கு நினைவிருப்பது பள்ளிக்கூடம் மூடிக்கிடந்ததும், நான் வீட்டுக்கே வராததும்தான். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் எப்படிக் கிடந்தன என்று இப்போது எழுதப்போவதில்லை. அதற்கு அப்புறம் நடந்ததுதான் உனக்கு உபயோகப்படும்.

முதல் வாரம் எல்லோருக்கும் ஒரே பயம், பிணங்களால் காலரா பரவும் என்று. எங்கு பார்த்தாலும் பிளீச்சிங் பவுடர். தெரு முழுக்க வெள்ளையாகக் கொட்டினார்கள், மூச்சு முட்டியது. வெளி மாவட்ட நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கையுறை கூட இல்லாமல் வேலை செய்தவர்களை நானே பார்த்தேன். அவர்கள் சாப்பிட்டார்களா, எங்கே படுத்தார்கள் என்று கேட்க ஆளில்லை. இயற்கைப் பேரிடரில் இறந்தவர்களின் உடலால் கொள்ளைநோய் வருவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. நோய் வருவது உயிரோடு இருப்பவர்களை நெருக்கி அடைத்து வைத்து, கழிப்பறையும் நல்ல தண்ணீரும் கொடுக்காமல் விடும்போது. நாங்கள் முகாம் முகாமாகப் போய்க் குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டோம், வைட்டமின் ஏ கொடுத்தோம். அப்படியும் கடலூர்ப் பக்கம் தட்டம்மை தலைகாட்டியது. ஆனால் எல்லோரும் பயந்த பெரிய காலரா இங்கே வரவில்லை.

அப்புறம் லாரிகள் வர ஆரம்பித்தன. பழந்துணி மூட்டைகள், அம்மாடி! கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாகக் குவியல் குவியலாகக் கிடந்து மழையில் ஊறின, ஆடு மேய்ந்தது. மீனவப் பெண்கள் அதைத் தொடவில்லை. "நாங்க பிச்சைக்காரங்களா நர்சம்மா?" என்று ஒரு கிழவி என்னைத்தான் கேட்டாள், நான் கொண்டுவந்து கொட்டியது போல. புதுச் சேலைகளும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் உள்பாவாடை இல்லை, ஜாக்கெட் இல்லை, மாதவிலக்குக்குத் துணி இல்லை. அனுப்பியவர்கள் மனசு நல்ல மனசுதான். யாரும் ஒரு பெண்ணிடம் கேட்டுவிட்டு அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் இறங்கிவிட்டன. ஒரு குப்பத்துக்கு மூன்று பேர் பாத்திரம் கொடுத்தார்கள், அடுத்த குப்பத்துக்கு ஒருவரும் போகவில்லை. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த தலித் குடியிருப்புகள், மீனவர்கள் இல்லை என்பதாலேயே பல பட்டியல்களில் விடுபட்டன. வயல் உப்பேறிப் போய் அவர்களுக்கும் கூலி வேலை போயிருந்தது, அதை யார் கணக்கில் எடுத்தார்கள்? இதை நீ குறித்து வைத்துக்கொள். உங்கள் வாரக் கூட்டத்தில் எந்த முகாமில் எத்தனை குழி என்று கணக்குச் சொல்லும்போது, முகாமுக்கு வெளியே உக்கியாவிலும் டெக்னாஃபிலும் இருக்கிற உள்ளூர் ஏழைகள் யார் கணக்கில் வருகிறார்கள் என்று கேள். 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு சில மாதத்தில் மியான்மரிலிருந்து 7 லட்சம் பேர் வந்து இறங்கினால், காடு போகும், கூலி குறையும், கிணறு வற்றும். உள்ளூர்க்காரர்களுக்குக் கோபம் வருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சரி, கழிப்பறைக்கு வருகிறேன்.

இங்கே தற்காலிகக் குடியிருப்பு என்று தார் ஷீட்டில் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். வெயில் காலத்தில் உள்ளே உட்கார முடியாது, ஐப்பசி மழையில் தரையெல்லாம் தண்ணீர். கழிப்பறைகளை வரிசையாகக் கடைசியில் கட்டி, திறந்து வைத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் பொறுப்பில் இருந்த கொட்டகையில் பெண்கள் விடியும் முன்னால் எழுந்து கருவேலங்காட்டுக்குத்தான் போனார்கள். கழிப்பறைக்குள் விறகு அடுக்கியிருந்தது. மேற்பார்வைக்கு வந்தவர், "இவங்களுக்குப் பழக்கம் இல்லைம்மா, விழிப்புணர்வு கொடுங்க" என்று என்னிடம் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் பெண்களை மட்டும் உட்காரவைத்து, ஆண்களைக் கடற்கரைக்குப் போகச் சொல்லிவிட்டுக் கேட்டேன். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு பாட்டிதான் ஆரம்பித்தாள், அப்புறம் நிறுத்த முடியவில்லை. கதவுக்கு எதிரே ஆண்கள் சீட்டாடுகிறார்கள். வாளியோடு போனால் எங்கே போகிறோம் என்று ஊருக்கே தெரியும். உள்ளே தண்ணீர் இல்லை. தாழ்ப்பாள் வெளியே இருக்கிறது, உள்ளே இல்லை. ராத்திரி விளக்கு இல்லை. துணி அலசவும் காயப்போடவும் மறைவு இல்லை. கர்ப்பிணி ஒருத்தி, உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பிடிக்க ஒன்றும் இல்லை என்றாள். இவ்வளவையும் எந்தப் படிவத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கதவுகளுக்கு முன்னால் ஆள் உயரத்துக்குக் கீற்றுத் தட்டி கட்டினோம். உள்ளே கொக்கி வைத்தோம். சீட்டாட்டக் கோஷ்டியை அந்தப் பாட்டியே துரத்திவிட்டாள். விளக்குக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. பிறகு வந்தார்களா என்று கேட்டால், எல்லோரும் வரவில்லை, ஆனால் விறகு வெளியே போனது.

நீ பொறியாளர், குழியின் ஆழமும் மண்ணின் தன்மையும் உனக்குத் தெரியும். நான் நர்ஸ், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கழிப்பறைக்குப் போகப் பயப்படுகிற பெண் முதலில் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பாள், அடுத்து சாப்பாட்டைக் குறைப்பாள். பகல் முழுக்க அடக்கி வைப்பாள். நீர்க்கடுப்பு வரும், கர்ப்பிணியாக இருந்தால் இன்னும் ஆபத்து. உங்கள் முகாமிலும் ஆரம்ப மாதங்களில் பெண்கள் இப்படித்தான் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்தார்கள், குடிசைக்குள்ளேயே ஒரு மூலையை மறைத்துக் குளித்தார்கள் என்று படித்தேன். 2023இல் மாதம் ஆளுக்கு 12 டாலராக இருந்த உணவுப்படியை 10 ஆக்கி, அப்புறம் 8 ஆக்கினார்களே, அது நம் கணக்கில் ஒரு நாளைக்கு 22 ரூபாய் சொச்சம். பிறகு கூட்டிவிட்டார்கள் என்றாலும் அந்த மாதங்களில் யார் கடைசியாகச் சாப்பிட்டிருப்பார்கள் என்று நீ யோசிக்க வேண்டியதில்லை, நம் வீட்டிலேயே உன் பாட்டி எப்போது சாப்பிட்டாள் என்று நினைத்துப் பார்.

நீ இந்த வேலைக்குப் போனதிலிருந்து நானும் கொஞ்சம் படிக்கிறேன். 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து ஓடியவர்கள் எல்லை தாண்டி, இப்போது காங்கோ என்கிற நாட்டின் கோமா நகரத்தில் குவிந்தார்கள். அங்கே தரை எரிமலைப் பாறை, குழி தோண்ட முடியவில்லை. கிவு ஏரித் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். காலராவும் ரத்தபேதியும் வந்து முதல் ஒரு மாதத்தில் ஏறக்குறைய 50,000 பேர் போய்விட்டார்கள். போர்க்களத்திலிருந்து தப்பி வந்தவர்கள் தம்பி, வயிற்றுப்போக்கில்! அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான், நிவாரண வேலைக்குக் குறைந்தபட்ச அளவுகளை வகுக்க 1997இல் தொடங்கிய ஸ்பியர் திட்டத்தின் கையேட்டில் நீ சொல்கிற அளவுகளெல்லாம் வந்தன. 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், குழிக்கும் நிலத்தடி நீர் எடுக்கும் இடத்துக்கும் 30 மீட்டர். நீ இவற்றை ஒப்பிப்பாய். அதே கையேட்டில் உள்தாழ்ப்பாளும் வெளிச்சமும் வேண்டும் என்று இருக்கிறது, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்றும் இருக்கிறது. அதை ஏன் யாரும் ஒப்பிப்பதில்லை?

ஹைட்டியைப் பற்றிப் படித்தபோது இரண்டு நாள் மனசே சரியில்லை. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்கு அப்புறம், அக்டோபரில், ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகக் காலராவே பார்க்காத நாடு. 8 லட்சம் பேர் வரை படுத்தார்கள், ஏறக்குறைய 10,000 பேர் செத்தார்கள். 2016 டிசம்பரில்தான் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார். உதவிக்குப் போனவர்களின் கழிப்பறையால் வந்த வினை இது. உங்கள் ஊழியர்கள் தங்கும் இடத்தின் செப்டிக் டேங்க் எங்கே போகிறது என்று என்றைக்காவது பார்த்தாயா?

இன்னொன்று. சுனாமியில் பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் செத்தார்கள். கடலூரில் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கணக்கெடுத்தார்கள். மீன் வாங்கக் கரையில் நின்றார்கள், வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள், சேலை கட்டி ஓட முடியவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மாக்களில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷனுக்கு அரசாங்கமே செலவை ஏற்றது. முதல் ஆபரேஷனுக்குச் சிலரைக் கூட்டிப்போனது நான்தான். இரண்டாவதுக்கும் நானே பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஒருத்தி வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டு, இறங்கும்போது, "திரும்பவும் நிறுத்தச் சொல்லி வராதீங்க நர்சம்மா" என்றாள். வரமாட்டேன் என்றேன். எந்த நிவாரணப் பட்டியலிலும் முன்கூட்டி எழுதி வைக்காத தேவை அது. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, ஏனென்று தெரியவில்லை.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது. நீ போய்க் கேட்காதே, உன்னிடம் சொல்லமாட்டார்கள். உன்னோடு வேலை செய்கிற உள்ளூர்ப் பெண்களை அனுப்பு. சிட்டகாங் பேச்சு ரோஹிங்கியாக்களின் பேச்சுக்கு நெருக்கம் என்று நீதானே சொன்னாய். கூடவே முகாமிலேயே வயசான ஒரு பெண்ணைப் பிடி, அவள் ஆரம்பித்தால் மற்றவர்கள் பேசுவார்கள். இமாம்களிடமும், மாஜி என்று நீங்கள் சொல்கிற முகாம் தலைவர்களிடமும் கேட்டுவிட்டு "சமூகத்தைக் கலந்து பேசினோம்" என்று எழுதிவிடாதே, அவர்கள் எல்லாம் ஆண்கள். அடுத்த வரிசை கட்டும் முன்னால், கயிறு கட்டி இடம் குறிக்கும் அன்றே அந்தப் பெண்கள் வந்து பார்த்துச் சொல்லட்டும். கட்டி முடித்த பிறகு கதவைத் திருப்புவது எவ்வளவு செலவு என்று உனக்கே தெரியும்.

அந்தப் பெஞ்சு விஷயத்தில் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதே. அவருக்கும் வயிறு இருக்கிறது. தட்டியைக் கட்டு, போதும்.

மழை வரும் முன்னால் குழிகளைக் காலி செய்ய வண்டி ஏற்பாடு ஆகிவிட்டதா? மலைச்சரிவில் இருப்பதெல்லாம் வழிந்து கீழே இருக்கிறவன் வாசலுக்குத்தான் வரும். உனக்குத் தெரிந்ததுதான், அம்மா என்பதால் சொல்கிறேன். நீயும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் உன் பையிலேயே இருக்கட்டும்.

லீவுக்கு வரும்போது காக்ஸ் பஜாரிலிருந்து கருவாடு வாங்கி வருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாயாம். நாகப்பட்டினத்துக்கே கருவாடா? வேண்டாம். போன தடவை பெட்டியைத் திறந்து மூன்று நாள் வராந்தாவில் வைத்தேன்.

அன்புடன்
அம்மா