மொட்டை மாடி வரை தூக்கிப் பார்

திருச்சி
புதன் இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நீ கூப்பிடும்போதெல்லாம் போன் அம்மா கையில் இருக்கிறது. பேச்சு ஊறுகாயில் தொடங்கிப் போர்வையில் முடிந்துவிடுகிறது. பெங்களூர் அறையைக் காலி செய்துவிட்டு நீ இங்கே வருவதற்குள் இதை ஒருமுறை படித்துவிடு. வந்த பிறகு, ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்பப் பத்து நாள்தான் இருக்கும். வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், நிதானமாக யோசிக்க முடியாது.

கூடத்தில் இதுவரை சேர்ந்திருப்பதைச் சொல்கிறேன். பெரியம்மா 5 லிட்டர் குக்கர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அத்தை நான்கு பாட்டில் ஊறுகாய். மாமா ஒரு மிக்ஸி. உங்கம்மா பன்னிரண்டு சுடிதார், இரண்டு பட்டுப் புடவை, இரண்டு கம்பளி, ஒரு பித்தளைக் குத்துவிளக்கு எடுத்து வைத்திருக்கிறாள். சித்தப்பா கொண்டுவந்த பெரிய பெட்டியை நேற்று ஒன்றும் வைக்காமலே எடை பார்த்தேன். 5 கிலோ 200 கிராம். வெறும் பெட்டிக்கே அவ்வளவு.

டிக்கெட்டில் 23 கிலோவாக இரண்டு பெட்டி, கைப்பை 7 கிலோ என்று போட்டிருக்கிறது. மொத்தம் 53 கிலோ. அதை ஒரு கிராம் விடாமல் நிரப்பி அனுப்பினால்தான் பெண்ணை நன்றாக அனுப்பினோம் என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் ரயில்வே பார்சல் ஆபீசில் எடை போட்டவன் சொல்கிறேன், அது மேல்வரம்பு மட்டும்தான். ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 40 கிலோ இலவசம்; அதற்காக யாராவது 40 கிலோ கட்டிக்கொண்டா ஏறுகிறார்கள்? என் கணக்கு இதுதான்: சக்கரம் வைத்த நடுத்தரப் பெட்டி ஒன்று, 20 கிலோ. முதுகில் மாட்டும் பை ஒன்று, 7 கிலோ. இரண்டாவது பெட்டி வேண்டாம்.

இது ஏன் என் மனதில் இவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று உன்னிடம் சொன்னதில்லை. 1988-இல் எனக்கு முதல் போஸ்டிங் ஷொரணூர். உன் அப்பத்தா ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஹோல்டால், ஒரு பம்ப் ஸ்டவ், தோசைக்கல்லும் பாத்திரமும் கட்டிய ஒரு சாக்கு என்று நான்கு உருப்படி கட்டி அனுப்பினாள். ஈரோட்டில் வண்டி மாற வேண்டும். நான் இறங்கும்போது ராத்திரி பதினொன்றரை. அடுத்த வண்டி விடியற்காலையில். நல்ல மழை. சாமானை விட்டு நகர முடியாததால் தண்ணீர் குடிக்கக்கூடக் குழாய்ப் பக்கம் போகவில்லை. எதிர் பிளாட்பாரத்தில் என்னோடு டிரெயினிங்கில் இருந்த பையன் நின்றுகொண்டு கையை ஆட்டினான். மூன்று மாதம் ஒரே அறையில் தூங்கியவர்கள் நாங்கள். படியேறி அந்தப் பக்கம் போய் இரண்டு வார்த்தை பேச ஐந்து நிமிஷம் போதும். நான் பெட்டி மேல் உட்கார்ந்தபடியே கையை ஆட்டினேன். அவன் வண்டி வந்தது, போய்விட்டான். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவே இல்லை. ஷொரணூரில் இரண்டு வருஷம் மெஸ்ஸில்தான் சாப்பிட்டேன். அந்த ஸ்டவ்வைப் பற்றவைத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

உனக்கும் அப்படி ஓர் இரவு வந்துவிடக் கூடாது, பாப்பா.

பிராங்க்பர்ட்டில் இறங்கியதும் உன் பயணம் முடியவில்லை. விமான நிலையத்தை ஒட்டியே நீண்டதூர ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து உன் பல்கலைக்கழகம் இருக்கும் டோர்ட்முண்டுக்கு ரயில். கூப்பிட்டால் வர நம் ஊர் மாதிரி சிவப்புச் சட்டைப் போர்ட்டர் இருக்க மாட்டார். நடுவழி நிலையங்களில் அந்த வேக ரயில் இரண்டு மூன்று நிமிஷம்தான் நிற்கும். அதற்குள் உன் கோச் எண்ணைப் பார்த்து, படியேறி, சாமானை உள்ளே இழுத்து, வழியை மறிக்காமல் வைக்க வேண்டும். இரண்டு பெட்டி இருந்தால் ஒன்றை உள்ளே வைத்துவிட்டு இன்னொன்றுக்கு இறங்க வேண்டும். அந்த ஒரு நொடி உள்ளே ஒரு பெட்டி, வெளியே நீ. இருபது மணி நேரம் தூங்காத உடம்பு வேறு. பிறகு விடுதி. என் நண்பரின் மகன் அங்கேதான் படிக்கிறான். அவன் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை, மூன்றாவது மாடி என்றான். உனக்கு எப்படி அமையும் என்று போனால்தான் தெரியும்.

சரி, எதை எடுப்பது?

முதல் மூன்று நாள் பசிக்கு வேண்டியதை மட்டும் சாப்பாட்டுச் சாமானாக நினைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை அங்கே அநேகமாக எல்லாக் கடையும் மூடியிருக்கும். அக்டோபர் 3 அவர்களின் தேசிய விடுமுறை, அன்றும் அப்படித்தான். அதனால் அவல் ஒரு கிலோ எடுத்துக்கொள். அடுப்பு எங்கே, பாத்திரம் எங்கே என்று தெரியாத முதல் ராத்திரியில்கூடத் தண்ணீரில் ஊறவைத்து, உப்பும் பருப்புப் பொடியும் போட்டுச் சாப்பிடலாம். சாம்பார் பொடி, ரசப்பொடி அரை அரை கிலோ, கொஞ்சம் புளி, பெருங்காயம். ஊறுகாய் ஒரே ஒரு பாட்டில், இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு, பெரிய பெட்டியில். நெய்யும் பால்கோவாவும் கட்டாயம் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்கள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். அம்மா ஒரு கட்டு ஈரத்துணியில் சுற்றித் தருவாள், வாங்காதே. அரிசி, பருப்பு எல்லாம் அங்கே இருக்கிறது. அந்த வட்டாரத்தில் ஈழத்தமிழர் கடைகளே உண்டு.

மிக்ஸியை மாமாவிடம் நானே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அங்கேயும் 230 வோல்ட்தான், ஓடாது என்றில்லை. ஆனால் நாலு கிலோ கனம். அந்த நாலு கிலோவுக்கு ஈடாக நீ விட்டுப் போக வேண்டியவை அதிகம். 5 லிட்டர் குக்கர் ஒருத்திக்கு எதற்கு? நம் வீட்டில் இருக்கும் 2 லிட்டர் எவர்சில்வர் குக்கரை எடுத்துக்கொள். அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் சாதாரண அலுமினியக் குக்கர் சூடேறாது, இது ஏறும். கூடவே இரண்டு கேஸ்கட், ஒரு சேஃப்டி வால்வு. கையளவு சாமான், அங்கே நம் குக்கருக்குப் பொருந்தியது கிடைப்பது கஷ்டம். குக்கருக்குள் காலுறையும் உள்ளாடையும் சுருட்டித் திணி. காலிப் பாத்திரத்தைக் காற்றோடு கட்டக் கூடாது என்று எங்கள் பார்சல் ஆபீசில் புதுப் பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்போம்.

துணி ஏழு செட் போதும். துவைத்துத்தான் உடுத்தப் போகிறாய். உள்ளே போடும் தெர்மல் இரண்டு, மழைக்கு ஒரு ஜாக்கெட். அதைப் போட்டுக்கொண்டே விமானம் ஏறு. கனமான ஷூவும் அப்படித்தான், காலில் இருந்தால் எடையில் வராது. ஜனவரிக் குளிருக்கான கோட்டை இங்கே வாங்காதே. நாற்பது டிகிரி வெயிலில் விற்கும் கடைக்காரருக்கு அந்தக் குளிர் தெரியாது. அங்கே மற்றவர்கள் என்ன போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொள். அதற்குத் தனியாகப் பணம் வைத்திருக்கிறேன். பட்டுப் புடவை ஒன்றும் வேண்டாம். கம்பளிக்குப் பதில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்துக்கொள். விடுதியில் மெத்தை இருக்கும், விரிப்பு அநேகமாக இருக்காது. முதல் ராத்திரி அதை விரித்துப் படுக்கலாம்.

முதுகுப் பையைப் பற்றி நான் கண்டிப்பாக இருப்பேன். பாஸ்போர்ட், சேர்க்கைக் கடிதம், உன் டிகிரியைச் சரிபார்த்துக் கொடுத்த ஏபிஎஸ் சான்றிதழ், அங்கத்தியச் செலவுக்குப் பணம் போட்டு வைத்த பிளாக்டு அக்கவுண்ட் காகிதம், காப்பீடு, டிகிரி மார்க் ஷீட் ஒரிஜினல் எல்லாம் அதில்தான். பெட்டி ஒரு நாள் தாமதமாக வரலாம். காகிதம் தாமதமாக வரக் கூடாது. அங்கே குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்கிறார்கள், அதற்கும் இவை தேவைப்படும். லேப்டாப்பும் பவர் பேங்கும் இதிலேயே. பவர் பேங்கை பெரிய பெட்டியில் போட விடமாட்டார்கள். உன் தைராய்டு மாத்திரை மூன்று மாதத்துக்கு, டாக்டரின் ஆங்கிலச் சீட்டோடு. ஒரு மாற்றுக் கண்ணாடி. ஒரு செட் துணி. பெட்டி காணாமலே போனாலும் இந்தப் பை ஒன்றை வைத்து ஒரு வாரம் ஓட்டிவிட வேண்டும். அப்படி அடுக்கு.

நம் ஊர் எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று, அதன் மூன்று பின்னுக்கு ஒரு அடாப்டர். அது போதும், உன் எல்லா சார்ஜரையும் அதிலேயே சொருகலாம்.

குத்துவிளக்கைப் பற்றி அம்மாவோடு பேசிவிட்டேன். முதலில் முகம் வாடினாள். டோர்ட்முண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஹாம் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது என்று சொல்லிப் படம் காட்டினேன். நம் ஊர் போலவே கோபுரம். 2002-இல் கும்பாபிஷேகம் ஆனது. கட்டியவர்கள் ஈழத்தமிழர்கள். இனக்கலவரத்துக்கும் போருக்கும் தப்பி வந்தவர்கள். அவர்களில் எத்தனை பேர் விளக்கையும் விக்கிரகத்தையும் பத்திரமாகக் கட்டி எடுத்து வந்திருக்க முடியும்? அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குத்துவிளக்கை எடுத்து மறுபடி பூஜை அலமாரியில் வைத்தாள். ஒரு சின்ன விபூதிப் பொட்டலம் மட்டும் தருவாள். அதை மறுக்காதே.

இன்னொன்று. உன் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்துக்கும் தெற்கு வளாகத்துக்கும் நடுவே தொங்கும் ரயில் ஒன்று ஓடுகிறதாம். 1984-லிருந்து ஓடுகிறது, ஓட்டுநர் கிடையாது. வீடியோவில் மூன்று முறை பார்த்தேன். தண்டவாளம் தலைக்கு மேலே! வாழ்க்கை முழுக்க ரயில் பார்த்த எனக்கே புதிது. சரக்கு நகர்வதையே ஆராயும் ஃப்ரான்ஹோஃபர் நிலையமும் அந்த வளாகத்தை ஒட்டித்தான் இருக்கிறதாம். போனதும் இரண்டையும் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

உன் அலமாரியில் எதையும் நான் மாற்ற மாட்டேன். பரிசுக் கோப்பை, பத்தாம் வகுப்பு நோட்டு, அந்தக் கிழிந்த கரடி பொம்மை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ‘இதை விட்டுப் போனால் போயே போய்விடும்’ என்று நினைத்து எதையும் பெட்டிக்குள் வைக்காதே. எல்லாவற்றையும் நீ அள்ளிக்கொண்டு போய்விட்டால் அந்த அறை எங்களுக்கு வெறும் அறையாகிவிடும். அம்மா இவ்வளவு சாமான் சேர்ப்பதும் அந்தப் பயத்தில்தான் என்று எனக்குத் தெரியும். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இது இங்கேயே இருக்கட்டும்மா, லீவுக்கு வரும்போது வேண்டும்’ என்று சொல்.

பெட்டிக்கு வெளியே விமான நிலையத்தில் சீட்டு ஒட்டுவார்கள். அது கிழியலாம். அதனால் உள்ளே, துணிக்கு மேலே, ஒரு சீட்டு வைக்க வேண்டும். அங்கத்திய முகவரி, நம் முகவரி, உன் நம்பர், என் நம்பர். பார்சல் ஆபீசில் அப்படி உள்ளே வைத்த சீட்டால் வீடு போய்ச் சேர்ந்த மூட்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சீட்டை என் கையால் எழுதுவேன்.

எல்லாம் அடுக்கிய பிறகு பெட்டியையும் பையையும் நீயே தூக்கிக்கொண்டு மொட்டை மாடி வரை ஏற வேண்டும். மூன்று வளைவு, முப்பத்தெட்டுப் படி. நடுவில் ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்கினால் பரவாயில்லை. இரண்டாவது முறை இறக்கினால், கீழே வந்து பெட்டியைத் திறப்போம். நான் பின்னாலேயே வருவேன். கை கொடுக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா