நாமே செய்த சாணை மெஷினுக்கும் கடன் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்திப் பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறேன். அருவாள், கறிக்கடைக் கத்தி, பாளை அருவாள் எல்லாம் அடிக்கிறோம். கைத்தொழில் செய்பவர்களுக்கான அரசுக் கடன், மானியம் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. அதையொட்டி ஒரு கோரிக்கை.

இரும்பைக் காய்ச்சி அடிப்பது எங்கள் வேலையில் பாதிதான். மீதி சாணை பிடிப்பது. அதைப் பல பட்டறைகளில் இன்றும் கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டரில்தான் செய்கிறார்கள். கல் உடைந்து தெறித்தால் முகத்தில்தான் அடிக்கும். கூர் விளிம்பை நோக்கி இறங்கும் சரிவும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வராது. மெஷின் நிலையாக நிற்க, கத்தியைக் கையில் பிடித்து ஓட்டினால்தான் கைக்குக் கணக்குப் பிடிபடும். அதற்கு ஏற்றது பெல்ட் கிரைண்டர். 2 அங்குல அகலமும் 72 அங்குலச் சுற்றும் உள்ள எமரி பெல்ட், அதாவது உப்புத்தாள் போலச் சொரசொரப்பான பட்டை, ஓடுவது. விலை விசாரித்தபோது அரை லட்சத்துக்கு மேல் சொன்னார்கள்.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினோம். என் அக்கா மகன் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன். சட்டத்துக்குப் பழைய இரும்புக் கடையில் ஸ்கொயர் பைப் எடுத்தோம். மதுரையில் 1 எச்.பி. பழைய மோட்டார் ஒன்று கிடைத்தது, நிமிடத்துக்கு 2880 சுற்று. அதில் 4 அங்குலச் சக்கரம் மாட்டினால் பெல்ட் நிமிடத்துக்கு 900 மீட்டர் ஓடும். கத்திக்குச் சரிவு எடுக்க அது போதும். 1440 சுற்று மோட்டார்தான் கிடைக்கிறது என்றால் சக்கரத்தை 6 அங்குலமாகக் கடைந்துகொள்ளலாம், 700 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். எதுவானாலும் மோட்டார் முழுக்க மூடியதாக இருக்க வேண்டும். காற்று ஓட்டை உள்ள மோட்டாருக்குள் இரும்புத்தூள் போய் காயிலைக் கெடுத்துவிடும்.

கவனமாகச் செய்ய வேண்டியது பெல்ட்டின் மறுமுனையைத் தாங்கும் மேல் சக்கரம். அதைத் தட்டையாகக் கடைந்தால் பெல்ட் ஒரு பக்கமாக நழுவி விழுந்துவிடும். நடு ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து, இரு ஓரமும் இறங்கியிருக்க வேண்டும். ஓடும் பெல்ட் மேட்டை நோக்கித்தான் ஏறும். சக்கரத்தை இம்மியளவு சாய்க்க ஒரு போல்ட், பெல்ட்டை விறைப்பாக வைக்க ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். கத்தியை அழுத்தும் இடத்தில் பெல்ட்டுக்குப் பின்னால் லாரி வில்பட்டைத் துண்டு வைத்தோம். சாதா இரும்பு சீக்கிரம் தேய்ந்து குழி விழும். மோட்டார், லேத் கூலி, 6203 பேரிங், வெல்டிங் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்குள் முடிந்தது. பெல்ட் செலவு தனி.

இதைப் பார்த்துச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதம் போட்ட, அதாவது காய்ச்சி முக்கிக் கடினமாக்கிய கத்தியைத் தேய்க்கும்போது விளிம்பு நீலம் பூத்தால் சூடு 300 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விட்டது என்று பொருள். அந்த இடத்தில் பதம் இறங்கிவிடும். வெறுங்கையில் பிடித்து, சூடு உறைக்கும்போதே தண்ணீரில் முக்க வேண்டும். கையுறை போட்டால் சூடு தெரியாது, பெல்ட் துணியை இழுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. கண்ணாடி கட்டாயம். துண்டை மூக்கில் கட்டினால் தூள் நிற்காது, நல்ல மாஸ்க் வேண்டும். மரப்பிடியின் தூளும் தீப்பொறியும் ஓரிடத்தில் சேரவிடக் கூடாது, தீப்பிடிக்கும்.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும் 25 சதவீத மானியமும் உண்டு. நல்ல திட்டம். ஆனால் மெஷினுக்குக் கடன் என்று நான் போய்க் கேட்ட வங்கிக் கிளையில் கம்பெனி கொட்டேஷன் கொண்டுவரச் சொன்னார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் எந்தக் கொட்டேஷன் தருவார்? 50,000 ரூபாய் மெஷினுக்குக் கடன் கிடைக்கும், அதே வேலை செய்யும் 14,000 ரூபாய் மெஷினுக்குக் கிடைக்காது என்பது எப்படிச் சரியாகும்? கடன் வாங்கப் பயப்படுகிற சின்னப் பட்டறைக்காரருக்கு அந்தக் குறைந்த தொகைதானே கட்டுப்படியாகும்?

பாகங்களின் பட்டியலை அரசு ஐடிஐ ஆசிரியர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடட்டும். செய்து முடித்த மெஷினில் எர்த், மூடி, சுவிட்ச் சரியாக இருக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையம் சோதிக்கட்டும். அதற்குப் பிறகு பணம் கொடுக்கலாம். ஐடிஐ மாணவர்களின் செய்முறைப் பயிற்சியிலேயே இப்படி மெஷின்கள் செய்து பட்டறைகளுக்கு அடக்கவிலையில் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்தப் பிள்ளைகளுக்கும் லேத், வெல்டிங், வயரிங் மூன்றும் ஒரே வேலையில் கைவரும்.

அதிகாரிகளோ ஆசிரியர்களோ எங்கள் மெஷினைப் பார்க்க விரும்பினால் தாராளமாக வரலாம், அளவெடுத்துக்கொண்டும் போகலாம்.

இப்படிக்கு,
கொல்லுப்பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்.