மோட்டார்ஹோம் வாடகைக்கு விடுபவர்களே, சாவி கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் கொடுங்கள்

வணக்கம்.

நியூசிலாந்தில் மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி, வாடகைக்கு விடும் எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நாங்கள் வண்டி எடுத்த இடத்தை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, வழியில் பார்த்த மற்ற குடும்பங்கள் வேறு வேறு இடத்தில் வண்டி எடுத்தவர்கள், அவர்களும் கிட்டத்தட்ட எங்கள் கதையையேதான் சொன்னார்கள்.

நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். தெற்குத் தீவில் பதினாறு நாள், கிறைஸ்ட்சர்ச்சில் எடுத்து அங்கேயே திருப்பி விடுவதாக ஏற்பாடு. ஏழு மீட்டர் நீளமும் மூன்று மீட்டருக்கு மேல் உயரமுமாக நின்ற வண்டியைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது, அதுவரை நான் ஓட்டியதெல்லாம் கார்தான். தூக்கமில்லாமல் விமானத்திலிருந்து நேராக வந்தவனுக்கு அங்கே கிடைத்தது டேப்லெட்டில் ஒரு வீடியோ, கையெழுத்துப் போட ஒரு கத்தை காகிதம், பத்து நிமிட விளக்கம், அப்புறம் சாவி. பின்னால் இன்னும் நாலு குடும்பம் வரிசையில் நின்றதால் வாய் திறந்து கேட்கவும் கூச்சமாக இருந்தது.

அன்று சாயங்காலமே, ஜெரால்டைன் தாண்டி ஒரு வளைவில் திரும்பியபோது, அடுப்புக்கு மேலே இருந்த அலமாரி திறந்துகொண்டு தட்டு, கோப்பை எல்லாம் தரையில் விழுந்து சிதறியது. ஒரு தட்டு என் மகளின் காதருகே போய் விழுந்தது. அலமாரிக் கதவில் இருக்கும் குமிழை உள்ளே அழுத்தினால்தான் பூட்டிக்கொள்ளும், சாத்தினால் மட்டும் போதாது. இது அந்த வீடியோவில் இருந்திருக்கலாம். ஆனால் என் கையால் ஒரு முறை அழுத்திப் பார்த்திருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

வானாக்காவில் நடந்ததுதான் பணத்தைத் தின்றது. முகாமில் எங்கள் இடத்திலிருந்து வண்டியை எடுத்து வலது பக்கம் ஒடித்தேன், முன்பக்கம் தாராளமாக இடம் இருந்தது, கண்ணாடியிலும் தடையாக ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் 'டமார்' என்று ஒரு சத்தம். இந்த வண்டிகளில் பின்சக்கரத்துக்குப் பின்னால் உடம்பு வெகு தூரம் நீண்டிருக்கும். வலது பக்கம் ஒடித்தால் அந்த வால் இடது பக்கம் வீசும். அது போய் மரக்கம்பத்தில் இடித்து, பின்விளக்கும் ஓரப் பலகையும் போயின. முன்பணத்தில் ஒரு பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். தப்பு என்னுடையது, கொடுத்தேன், அதில் வழக்கு இல்லை. ஆனால் உங்கள் முற்றத்தில் நாலு ரப்பர் கூம்பை வைத்து இரண்டு முறை திருப்பிப் பார்க்கச் சொல்லியிருந்தால் அந்தக் கம்பம் பிழைத்திருக்கும், உங்கள் வண்டியும் பிழைத்திருக்கும்.

சாலை விதிகளும் அப்படித்தான். பலகையில் 100 என்று போட்டிருக்கிறது, நானும் 100-இல் போனேன். மொத்த எடை வரம்பு 3,500 கிலோவுக்கு மேல் உள்ள வண்டிக்கு அந்தச் சாலையில் 90-தான் என்பதை மூன்றாம் நாள் பக்கத்து வண்டிக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மேற்குக் கரைப் பக்கம் ஒருவழிப் பாலங்கள் நிறைய. சின்ன சிவப்பு அம்பு நம் பக்கம் இருந்தால் நாம்தான் நின்று வழிவிட வேண்டும். எதிரே ஒரு லாரி வேகமாக வரும்போது இதையெல்லாம் யோசித்துக் கண்டுபிடிக்க நேரம் இருக்காது.

கழிப்பறைப் பெட்டியைப் பற்றியும், அதாவது கழிவு சேரும், வெளியே எடுத்துக் கொட்ட வேண்டிய பெட்டியைப் பற்றியும், வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். 2023-இல் வந்த சட்டப்படி, கழிவைத் தானே வைத்துக்கொள்ளும் வண்டி என்ற சான்று வேண்டுமானால் கழிப்பறை வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும், சரி, நல்ல சட்டம், ஏரிக்கரை அசிங்கமாகாமல் இருக்க அது தேவைதான். ஆனால் அந்தப் பெட்டியைக் கொட்டுவது எப்படி என்று யாரும் செய்து காட்டவில்லை. கழிவு கொட்டும் இடத்தில் நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து வயதான ஓர் அம்மா வந்தார். மூக்குக்குழலைத் திருப்பி வெளியே விடு, ஊற்றும்போது கட்டைவிரலால் இந்தக் காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டே ஊற்று, அப்போதுதான் தெறிக்காது என்றார். இரண்டு நிமிடம். பதினாறு நாளும் அந்த இரண்டு நிமிடம் எங்களைக் காப்பாற்றியது.

கடைசி நாள் கணக்கில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு சாலைக் கட்டணம் இருந்தது. அந்த நாட்டில் பெட்ரோல் விலையிலேயே சாலைக்கான வரி சேர்ந்துவிடும், டீசல் வண்டி ஓடிய தூரத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும், நியாயம்தான். அதை முன்பதிவு செய்யும்போதே வாடகைக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டால் என்ன?

இவ்வளவு சொன்னபிறகும் ஒன்று சொல்ல வேண்டும். புகாகி ஏரிக்கரையில் நின்ற அந்தக் காலை. குளிரில் ஜன்னல் முழுக்க நீர் பூத்திருந்தது. என் மகன் உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைத்தான், அந்த வட்டத்துக்குள் 3,724 மீட்டர் ஆஓராகி மலை, உச்சியில் மட்டும் வெயில். யாரும் போர்வையை விட்டு எழவில்லை. ஹோமர் சுரங்கத்துக்கு வெளியே வண்டிகள் காத்து நின்ற இடத்தில் ஒரு கேயா கிளி எங்கள் கூரையில் இறங்கி ஜன்னல் ரப்பரைக் கொத்தி இழுத்ததை (இதையும் சேதக் கணக்கில் எழுதிவிடுவார்களோ என்று பயந்தேன்) பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள். எந்த ஓட்டல் அறையிலும் இது எங்களுக்குக் கிடைத்திருக்காது. அதனால்தான் மறுபடியும் வர நினைக்கிறோம், அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆகவே கேட்கிறேன். வண்டி கொடுக்கும் நேரங்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு மணி நேரம், அதில் பாதி முற்றத்தில் ஓட்டிப் பார்க்க, மீதி எரிவாயு, தண்ணீர், கழிப்பறைப் பெட்டி, அலமாரி எல்லாவற்றையும் எங்கள் கையால் செய்து பார்க்க. வண்டியின் உயரத்தையும் வேக வரம்பையும் ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கூரையையும் அடிப்பகுதியையும் எங்கள் எதிரிலேயே படம் எடுங்கள், ஏனென்றால் பல ஒப்பந்தங்களில் காப்பீடு கைவிடுவது அந்த இரண்டு இடத்தில்தான். அதற்குக் கூடுதலாகக் கொஞ்சம் பணம் கேட்டாலும் கொடுப்போம்.

அடுத்த முறை வடக்குத் தீவு. முன்பதிவு செய்யும் முன் வாடகையைக் கேட்க மாட்டேன், ஓட்டிப் பழக எவ்வளவு நேரம் தருவீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
மறுபடியும் வர விரும்பும் ஒரு வாடிக்கையாளர்