அப்பாவின் கசெட்டுகள்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மகள் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள், அதனால் வீட்டில் பாட்டென்றால் எனக்கு ஹெட்போன்தான். பின்னேரங்களில் மழை, காலி வீதியில் வாகனம் நகர்வதேயில்லை.

அப்பாவின் கோயில் கச்சேரிக் கசெட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கிவிட்டாய் என்று வாசித்ததும் பெரிய சந்தோஷம். எம்பி3 இல் 128 போடவா, 320 போடவா (ஒரு செக்கனுக்கு எத்தனை கிலோபிட் என்ற கணக்கு) என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் ஃபிளாக்காக (FLAC), அதாவது ஒலி எதையும் இழக்காமல் சுருக்கும் கோப்பாகச் சேமி. அது 0 முதல் 8 வரை ஓர் எண் கேட்கும். அந்த எண்ணுக்கும் ஒலியின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. கூட்டினால் சுருக்க அதிக நேரம் எடுக்கும், கோப்பு கொஞ்சம் சிறிதாகும், அவ்வளவுதான். எதைப் போட்டாலும் ஒரு பிட் குறையாமல் அதே ஒலி திரும்ப வரும். 5 இலேயே விட்டுவிடு. 90 நிமிடக் கசெட்டை 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோவில் (ஒற்றைத் தடத்தில்) எடுத்தால், சுருக்காத வேவ் (WAV) கோப்பு 475 மெகாபைட் அளவில் நிற்கும். ஃபிளாக் அதை ஏறக்குறைய பாதியாக்கும். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு இதெல்லாம் ஒரு பாரமா?

மோனோ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா ஒரே மைக்கில்தான் பதிந்தவர். ஸ்டீரியோ டெக்கில் ஓட்டும்போது இடது, வலது இரண்டிலும் அதே ஒலிதான் வரும். ஆனால் டேப்பைத் தொட்டு வாசிக்கும் ஹெட் கொஞ்சம் சரிந்திருந்தாலும் இரண்டுக்கும் நூலளவு நேர வித்தியாசம் இருக்கும். அப்படியே கூட்டினால் மேல் ஸ்தாயி மங்கிப்போகும். இரண்டையும் தனித்தனியே கேட்டு, தெளிவான பக்கத்தை மட்டும் எடு.

எம்பி3 பிரதியை அதற்குப் பிறகு ஃபிளாக்கிலிருந்து செய்யலாம். நீ அனுப்பிய 128 துண்டை ஆறுதலாக இருந்து கேட்டேன். நாதஸ்வரம் பரவாயில்லை, அடிபட்டது தவில்தான். வலந்தலையில் விரற்கூடு விழும் அந்த 'டக்' கூர்மையாக இல்லை, அடி விழுவதற்குச் சற்று முன்பே ஒரு மெல்லிய இரைச்சல் தலைகாட்டுகிறது. எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்துச் சுருக்குகிறது. சுருக்கும்போது சேரும் பிழை அந்தத் துண்டு முழுவதும் பரவும், அடிக்கு முன்னால் உள்ள மௌனத்திலும்தான். அடிகள் நெருங்கி வரும்போது துண்டை இன்னும் சிறிதாக்கப் பார்க்கும், ஆனால் அதற்குப் பிட் கூட வேண்டும். 128 ஸ்டீரியோவில் அது போதவில்லை. அதனால் எம்பி3 செய்யும் லேம் (LAME) மென்பொருளில் வி.பி.ஆர்., அதாவது தேவைக்கேற்ப பிட் அளவு மாறும் முறையைத் தெரிவுசெய்து, தர அளவாக வி2 (V2) போடு. தவில் பொழியும் இடத்தில் பிட்டைக் கூட்டி, அமைதியான இடத்தில் குறைத்துக்கொள்ளும். மனசு கேட்காவிட்டால் அதைவிடத் தரம் கூடிய வி0. எந்நேரமும் 320 என்று கட்டிவைக்கத் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம்.

அப்புறம், முந்தி கடையில் கொடுத்து 128 ஆக மாற்றிய கசெட்டுகள். அவற்றை 320 ஆக்கினால் கோப்பு பெருக்குமே தவிர, போன ஒலி வராது. பிழிந்த தேங்காய்ப்பூவில் மறுபடி முதற்பால் எடுக்க முடியுமா? அந்தக் கசெட்டுகள் இன்னும் ஓடுமென்றால் திரும்ப ஓட்டி எடு. ஓடாவிட்டால் அந்த 128 ஐத் தொடாமல் அப்படியே வைத்திரு.

அம்மம்மா கதைத்துப் பதிந்த கசெட்டுக்கும் மூலப்பிரதி ஃபிளாக்தான். சொந்தக்காரருக்கு போனில் அனுப்ப, எம்பி3 போலவே ஒலியைச் சுருக்கும் ஓபஸ் (Opus) என்ற புதிய வகையில், மோனோ, 32 கிலோபிட் தாராளம். பேச்சுக்கு அது அருமையாக வேலை செய்யும். பழைய கார் செட்டில் ஓபஸ் பாடாது, தங்கச்சிக்கு எம்பி3 ஆகவே கொடு.

திருவிழாத் தவில் தனி உள்ள கசெட்டை முதலில் ஏற்று. அது எவ்வளவு காலம் தாங்கும் என்று எனக்குப் பயம். ஏற்றியதும் ஃபிளாக்காகவே அனுப்பு. வீட்டுக்கு இப்போது ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது, பெரிய கோப்பென்று யோசிக்காதே.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்