வானில் கூப்பிடும் பெயர்கள்

பெட்டாலிங் ஜெயா

அன்பு நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் கைக்கு வந்தது. பினாங்கில் மழை ஓய்ந்து, பாயான் லெப்பாஸ் வீட்டின் கூரை வேலையும் முடிந்துவிட்டதை அறிந்து நிம்மதி அடைந்தேன். உன் பேத்தி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள் என்ற வரியை மட்டும் மூன்று முறை படித்தேன். சுபாங்கில் ரேடார் திரைக்கு முன்னால் என் பணிக்காலம் முழுவதையும் கழித்தவனுக்கு இதைவிட இனிய செய்தி வேறு என்ன வேண்டும்?

அவள் கேட்கச் சொன்ன கேள்வி நல்ல கேள்வி. ஏர் ஏசியா டிக்கெட்டில் ‘ஏகே’ என்று இருக்க, ரேடியோவில் விமானி ‘ரெட் கேப்’ என்கிறாரே, இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்கிறாள். ஏகே, எம்எச் போன்ற இரண்டெழுத்துக் குறிகள் பயணச்சீட்டுக்கும் பெட்டிகளில் கட்டும் அட்டைக்கும் உரியவை. வானில் கூப்பிடுவதற்கென்று தனியாக ஒரு பெயர் உண்டு. அதைத்தான் நாங்கள் கால் சைன் என்போம். மாண்ட்ரியலில் உள்ள அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பு ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் மூன்றெழுத்துக் குறி ஒன்றையும், வாயால் சொல்லும் பெயர் ஒன்றையும் பதிவு செய்து, ஆவணம் 8585 என்ற தொகுப்பில் வெளியிடுகிறது. நம் மாஸ், அதாவது மலேசியா ஏர்லைன்ஸ், ‘மலேசியன்’. ஏர் ஏசியா ‘ரெட் கேப்’. ஏர் ஏசியா எக்ஸ், குப்ளாய் கானின் கோடைத் தலைநகரான ‘ஸனாடு’. புதிதாக ஒரு பெயர் வைக்கும்போது அது ஏற்கெனவே புழங்கும் வேறொரு பெயரைப் போல ஒலிக்கக் கூடாது என்பதே முதல் கவலை.

இதன் அருமையை உனக்கு விளக்க நான் நம் ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் வாசிக்கும் பெரட்டுக் களத்துக்குத்தான் போக வேண்டும். விடியாத நேரத்தில், பனி இறங்கிக்கொண்டிருக்கும்போது, தோட்டத்துக் கணக்கர் கிராணி லாந்தர் வெளிச்சத்தில் பெயர் வாசிப்பாரே, நினைவிருக்கிறதா? முகம் தெரியாது, குரல்தான் ஆள். மாரிமுத்து என்று மூன்று பேர் இருந்தார்கள். கிராணி வெறுமனே ‘மாரிமுத்து’ என்று கூப்பிட்ட ஒரு நாள், இரண்டு பேர் பதில் சொல்லி, ஒரே மர நிரைக்கு இருவரும் பால் கத்தியோடு போய் நின்றார்கள். அதற்குப் பிறகுதான் ஒருவர் ‘ஆத்தோர மாரிமுத்து’ ஆனார். இன்னொருவர் திருவிழாவில் உறுமி அடித்ததால் ‘உறுமி மாரிமுத்து’ ஆனார். மூன்றாமவர் உன் அப்பா.

ரேடியோவிலும் நிலைமை அதுவே. ஒரே அலைவரிசையில் பத்துப் பதினைந்து விமானங்கள் பேசும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், இடியும் மழையுமான ஓர் இரவில், எண்கள் ஏறக்குறைய ஒன்றாக இருந்த இரண்டு விமானங்கள் என் பகுதிக்குள் வந்தன. ஒன்றை உயரம் குறைக்கச் சொன்னேன். திருப்பிச் சொன்ன குரல் மற்றொன்றின் விமானியுடையது. அவருடைய குரல் கட்டையாக இருந்ததால்தான் நான் உடனே விழித்துக்கொண்டு தடுத்தேன். அன்று கையிலிருந்த பென்சிலை நான் எவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தேன் என்பது, விரலில் பதிந்திருந்த தழும்பைப் பார்த்த பிறகே தெரிந்தது. விமானி திருப்பிச் சொல்வதை முழுவதும் காது கொடுத்துக் கேட்காமல் அடுத்த விமானத்தைக் கூப்பிடாதே என்று உன் பேத்தியிடம் சொல்.

எண் நழுவும், பெயர் நழுவாது என்பதற்கு அவள் கட்டாயம் படிக்க வேண்டிய சான்று ஒன்று உண்டு. 2009 ஜனவரி 15 அன்று, பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் செயலிழந்து, நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய யுஎஸ் ஏர்வேஸ் விமானத்தின் எண் 1549. ஆபத்தை அறிவித்த கேப்டன் சல்லன்பெர்கர் அந்தப் பதற்றத்தில் 1539 என்றார். அதைக் கேட்ட கட்டுப்பாட்டாளர் 1529 என்றார். ஆனால் எண்ணுக்கு முன்னால் இருவரும் சொன்ன ‘கேக்டஸ்’ என்ற சொல் மட்டும் ஒரு முறைகூடப் பிசகவில்லை. அந்தப் பெயரும் அரிசோனாப் பாலைவனத்துக் கள்ளிச்செடியிலிருந்து வந்தது; ஃபீனிக்ஸ் நகரத்து அமெரிக்கா வெஸ்ட் நிறுவனத்துக்கு உரியது. அது 2005-இல் யுஎஸ் ஏர்வேஸுடன் இணைந்தபோது விமானத்தின் மேல் எழுதிய பெயர் போயிற்று. கூப்பிடும் பெயர் 2015 வரை வானில் இருந்தது.

என் காதுக்கு மிகவும் இனித்த பெயர் ‘ஸ்பீட்பேர்ட்’. 1932-இல் தியர் லீ-எலியட் என்ற ஓவியர் இம்பீரியல் ஏர்வேஸுக்காக, சில கோடுகளாலேயே பாயும் பறவை ஒன்றை வரைந்தார். அந்த நிறுவனம் மறைந்து பிஓஏசி வந்தது. 1974-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வந்தது. சின்னமும் பலமுறை மாறியது. பறவை மட்டும் விமானிகளின் நாக்கில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனம் தன் விமானங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் விரைவுப் பாய்க்கப்பல்களின் பெயரால் ‘கிளிப்பர்’ என்றது. 1991-இல் நிறுவனத்தோடு அந்த அழைப்பும் ஓய்ந்தது. அயர்லாந்தின் ஏர் லிங்கஸ் ‘ஷாம்ராக்’, அந்நாட்டு மூவிலைச் செடி. தென்னாப்பிரிக்க விமானம் ‘ஸ்பிரிங்பொக்’, அந்நாட்டு மான். தைவானின் சைனா ஏர்லைன்ஸ் ‘டைனஸ்டி’ என்று கூப்பிடப்படுவதால், ‘ஏர் சைனா’ அதே அலைவரிசையில் வந்தாலும் குழப்பம் இல்லை. நிறுவனத்தின் பெயரையே அழைப்பாக வைப்பதைவிட இப்படி மண்ணிலிருந்தோ தொழிலிலிருந்தோ எடுத்த பெயரே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் ‘மலேசியன்’ என்ற பெயரை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். காணாமல் போன அந்த விமானத்தை உலகம் முழுவதும் எம்எச் 370 என்று சொல்கிறது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கு அந்தப் பெயர் கிடையாது. 2014 மார்ச் 8, அதிகாலை 1:19 மணிக்கு அந்த விமானத்திலிருந்து கடைசியாக வந்த சொற்கள், இரவு வணக்கத்துக்குப் பின் ‘மலேசியன் த்ரீ செவன் ஸீரோ’ என்பவை. நான் ஓய்வு பெற்றுவிட்டிருந்தேன். பின்னர் அந்த ஒலிப்பதிவைத் தொலைக்காட்சியில் கேட்டபோது, என் உதடுகள் தாமாகவே அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லின. பக்கத்தில் இருந்த என் மனைவி ஒன்றும் பேசாமல் ஒலியைக் குறைத்தாள். அதே வாரத்தில் அந்த எண்ணை நிறுவனம் விலக்கிக்கொண்டு, பெய்ஜிங் விமானத்துக்கு 318 என்ற எண்ணைக் கொடுத்தது. முன்னால் வரும் ‘மலேசியன்’ இன்றும் அதேதான். அதை எப்போது கேட்டாலும் நான் சற்று நின்றுதான் கேட்கிறேன்.

பேத்தி கோலாலம்பூருக்கு வரும்போது எங்கள் வீட்டிலேயே தங்கச் சொல். என் பழைய குறிப்பேடுகளை அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். இன்னொன்று: மூன்று மாரிமுத்துகளில் உன் அப்பாவைக் கிராணி எந்தப் பெயரால் கூப்பிட்டார் என்பதை எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது.

உன் அன்பு நண்பன்