புதன்கிழமை மட்டும் வேண்டாம்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மருத்துவர்களுக்குக் குழந்தைகள் மனநலப் பயிற்சி வகுப்புகளைத் திட்டமிடுகிறவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சிக்கு வந்தேன். எங்கே, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். நான் போன பயிற்சிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சுதான். காலையில் கையெழுத்து, பிரீ டெஸ்ட், குத்துவிளக்கு. ஏ.டி.எச்.டி., ஆட்டிசம், மனச்சோர்வு, நடத்தைக் கோளாறு என்று அத்தனையும் மதியச் சாப்பாட்டுக்குள் ஸ்லைடு ஸ்லைடாக ஓடி முடிந்தன. பிரியாணி நன்றாக இருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் காலையில் கொடுத்த அதே கேள்வித்தாளை போஸ்ட் டெஸ்ட் என்று கொடுத்தார்கள். காலையில் பத்துக்கு ஐந்து வாங்கியவள் மாலையில் ஒன்பது வாங்கினேன். மறுநாள் ஓ.பி.யில் போய் உட்கார்ந்தபோது, முந்தாநாள் இருந்த அதே டாக்டராகத்தான் இருந்தேன்.

அந்த முந்தாநாள் டாக்டர் எப்படிப்பட்டவள் என்று தெரிந்தால்தான் இந்தக் கடிதம் எதற்கு என்பது புரியும்.

பயிற்சிக்கு முந்தின வருடம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அவள் அம்மா அழைத்து வந்தார். பீடி சுற்றுகிற அம்மா. விரல் நுனியில் புகையிலைக் கறை. காலை பிரேயரில் மூன்று முறை மயங்கி விழுந்திருக்கிறாள், கை கால் இழுத்திருக்கிறது. ஒரு தர்காவில் மந்திரித்துத் தாயத்துக் கட்டிய பிறகுதான் என்னிடம் வந்தார்கள். பி.பி., சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்தேன். ரத்தம் கொஞ்சம் குறைவு, அது எங்கள் ஊரில் பாதிப் பெண் பிள்ளைகளுக்கு உண்டு. என் கண் முன்னாலேயே ஒருமுறை விழுந்தாள். இமையைத் திறக்கப் பார்த்தால் இறுக்கி மூடிக்கொள்கிறாள், நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை, எழுந்ததும் குழப்பம் இல்லை. வலிப்பு நோய் மாதிரி இல்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அதுவரைக்கும் சரிதான். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. "ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க" என்றேன்.

"அப்போ நடிக்கிறாளாம்மா?"

நான் வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்லவில்லை. ஆனால் தலையை ஆட்டினேன். பாதி ஆட்டல்தான். அன்றைக்கு ராத்திரி அந்தப் பெண்ணுக்கு வீட்டில் நல்ல அடி. இரண்டு நாள் கழித்து எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநலத்துக்குச் சில வாரங்கள் போஸ்டிங் உண்டு. தனியாகத் தேர்வு கிடையாது, பொது மருத்துவத்துக்குள் ஒரு மூலையில் இருக்கும். அதிலும் நாங்கள் பார்ப்பது பெரியவர்களை. தடுப்பூசி அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் கிட்டத்தட்ட மூன்று பேர். அந்த மூன்று பேரும் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைவலி, வயிற்றுவலி, சோறு இறங்கவில்லை, மயக்கம் என்றுதான் எங்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு சத்து ஊசி போட்டு அனுப்பிவிடுகிறோம்.

அந்தப் பெண் இரண்டு வாரத்தில் திரும்ப வந்தாள். இந்த முறை அம்மாவிடம் இரும்புச்சத்து மாத்திரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து பார்மசி வரிசைக்கு அனுப்பினேன். அது தந்திரம்தான். வேறு வழி தெரியவில்லை. என் அறைக் கதவு மூடாது, பின்னால் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறது. நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டேன். எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டேன். சயின்ஸ் என்றாள். கொஞ்ச நேரம் சுவரில் இருந்த டெங்கு போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முழுப் பரீட்சைக்கு அப்புறம் ஸ்கூலுக்குப் போக மாட்டேன்" என்றாள். தாய்மாமனுக்குப் பேசி வைத்திருக்கிறார்கள். அவனுக்கு இருபத்தெட்டு வயது.

அப்புறம் அவள் கேட்ட கேள்விதான் என்னை மடக்கியது. "அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"சொல்ல மாட்டேன்" என்று சட்டென்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்கக் கூடாது. அவள் சொன்னது குழந்தைத் திருமண விஷயம். நான் ஒருத்தியே மனசில் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடியது இல்லை. இன்னொரு பெண் பாலியல் கொடுமை எதையாவது சொல்லியிருந்தால் போக்சோ சட்டம் வந்திருக்கும். 2012-ஆம் ஆண்டுச் சட்டம், 19-ஆம் பிரிவு, தெரிந்தால் தகவல் கொடுத்தே ஆக வேண்டும், மறைத்தால் தண்டனை. உங்கள் பயிற்சியிலும் அந்தப் பிரிவு எண் ஒரு ஸ்லைடில் இருந்தது. ஆனால் பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, 'நீ சொல்றதை ஊர்ல யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னு தோணினா, உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லுவேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதை எந்த ஸ்லைடும் சொல்லவில்லை. இந்த மூன்று வரியை ஒருவரை ஒருவர் பார்த்து நாங்கள் இருபது தடவை சொல்லிப் பழகியிருந்தால், அந்த ஒரு நாள் வீணாகியிருக்காது.

நான் கேட்பது இதுதான். எங்களுக்குப் பாடம் குறைவாகவும் பழக்கம் அதிகமாகவும் வேண்டும். நோய்களின் பட்டியல் போனிலேயே கிடைக்கிறது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்வது எப்படி, அவர் சந்தேகப்படாமலும் கோபப்படாமலும்? இதை உங்களில் ஒருவர் எங்கள் முன்னால் செய்துகாட்ட வேண்டும். அப்புறம் நாங்கள் செய்ய வேண்டும், நீங்கள் திருத்த வேண்டும். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனை யாரும் ஸ்லைடில் கற்றுக்கொண்டதில்லையே.

வார்த்தை விஷயமும் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தமிழ்க் கையேட்டில் 'உங்களுக்குத் தற்கொலை எண்ணங்கள் உள்ளனவா?' என்று ஒரு கேள்வி. எங்கள் ஊர்ப் பிள்ளையிடம் இதைப் படித்தால் பரீட்சைக் கேள்வி என்று நினைத்து 'இல்லை' என்றுதான் பதில் வரும். 'எதுக்குடா இருக்கோம்னு தோணுதா? செத்துடலாம்னு எப்பவாவது நினைச்சியா?' என்று கேட்கலாமா, கேட்டால் நாமே ஐடியா கொடுத்த மாதிரி ஆகிவிடுமா என்று எங்களில் பலருக்குப் பயம். கேட்பதால் அந்த எண்ணம் வராது என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. ஆமாம் என்று சொன்னால் அடுத்து என்ன? வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது, அதை இன்றைக்கே யார் அப்புறப்படுத்துவார்கள், ராத்திரி பக்கத்தில் யார் படுப்பார்கள், எந்த நாள் திரும்ப வர வேண்டும் என்று பேச வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, எங்கள் அறையிலிருந்தே ஒருமுறை போட்டுப் பேச வைக்க வேண்டும். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று போனால் இதே கேள்விகளை உருதுவிலும் கேட்க வேண்டியிருக்கும். பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக வைத்து அவள் அம்மாவிடம் பேசுகிற கூத்தை நானே செய்திருக்கிறேன்.

மாத்திரைகளைப் பற்றி அரை நாள் வேண்டாம், ஒரு மணி நேரம் போதும். எதைத் தொடங்கலாம் என்பதைவிட எதைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். பிள்ளை மயங்கி விழுந்தவுடன் வலிப்புக்குப் போடுகிற டயசிபாம் ஊசியை எடுக்கிற எங்கள் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

சின்னக் குழந்தைகள் விஷயத்தில் நம் கையிலேயே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. ஆட்டிசம் அறிகுறிகளைப் பெற்றோரிடம் கேட்டுப் பார்க்கும் எம்-சாட் கேள்விகள் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானவை. 16 முதல் 24 மாதத்துக்குள் பூஸ்டர் ஊசிக்கு அதே குழந்தை எங்களிடம் வந்தே தீரும். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரவும் சொல்கிறோம். அந்த அரை மணியில் கேட்டுவிடலாம்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா? 'அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு' என்று மூன்று வயது வரைக்கும் காத்திருந்துவிட்டு வருகிற குழந்தைகளை இதனால் ஒரு வருடம் முன்னாலேயே பிடிக்கலாம். இதைச் செய்யப்போவது நான் இல்லை, கிராம சுகாதாரச் செவிலியர். அவரைப் பயிற்சிக்கு அழைப்பதே இல்லையே, ஏன்?

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பு என்பது சுலபமான அறிவுரை. காட்பாடியிலிருந்து பாகாயத்துக்கு டவுன் பஸ் இருக்கிறது, தூரம் பிரச்சினை இல்லை. 'பாகாயம்' என்ற சொல்தான் பிரச்சினை. சீட்டில் அதை எழுதினால் முகம் மாறிவிடுகிறது, 'எம்பொண்ணு இன்னா பைத்தியமா?' என்கிறார்கள். இத்தனைக்கும் நோயாளியோடு குடும்பமும் கூடவே தங்க வேண்டும் என்ற வழக்கத்தை 1950களிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்த சி.எம்.சி. மனநல மையம் இருக்கிற இடம் அது. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவும் அங்கே உண்டு. அங்கே போனால் முதல் நாள் என்ன நடக்கும், யார் பேசுவார்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரிந்தால்தானே நான் அந்த அம்மாவுக்குச் சொல்ல முடியும்? எங்களை ஒரு நாள் அங்கே உட்கார வைத்துப் பார்க்க விடுங்கள். ஒரு மூலையில், வாய் திறக்காமல் இருப்போம்.

கடைசியாக, ஒரு நாளில் முடித்துவிடாதீர்கள். எங்களில் பத்துப் பேரை எடுத்துக்கொண்டு, மாதம் ஒரு மணி நேரம் போனில் பிடியுங்கள், ஒரு வருடத்துக்கு. ஒவ்வொருவரும் தங்கள் ஓ.பி.யில் பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றிப் பெயர் இல்லாமல் சொல்லட்டும், தப்புப் பண்ணியதையும் சேர்த்து. சஞ்சீவ் அரோரா 2003-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஹெபடைடிஸ் சி நோய்க்கு 'எக்கோ' என்று தொடங்கியது இந்த முறைதான். பெங்களூரு நிம்ஹான்ஸ் அதை மனநலத்துக்கும் பயன்படுத்துகிறது. பெரிய செலவில்லை, பிரியாணிக்கு ஆகிற காசில் நடத்திவிடலாம். முதல் மாதம் நான் அந்தத் தலையாட்டலைச் சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்கு இதுவரை இடம் கிடைக்கவில்லை.

அந்தப் பெண் இப்போது பத்தாவது. செவிலியரும் சமூக நலத் துறையிலிருந்து வந்தவர்களும் வீட்டில் பலமுறை பேசினார்கள். கல்யாணப் பேச்சு தள்ளிப்போயிருக்கிறது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். அரையாண்டுத் தேர்வின்போது ஒருமுறை விழுந்தாள். இந்த முறை அவள் அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, அடிக்காமல் அழைத்து வந்தார்.

அடுத்த பயிற்சித் தேதியைக் குறிக்கும்போது புதன்கிழமை மட்டும் வேண்டாம். தடுப்பூசி நாள். நானும் வர முடியாது, செவிலியரும் வர முடியாது.

இப்படிக்கு,
குடியாத்தம் வட்டத்திலிருந்து ஒரு மருத்துவர்